நரம்பை இழந்த தசையும் அதன் வாயில்களும்

கிள்ளான் நகருக்கும் துறைமுகத்துக்கும் இடையில் அமைந்த பண்டமாரானில் இன்று குடியிருக்கும் தமிழர்களில் பலருடைய பாட்டன்மாரும் பூட்டன்மாரும், 1901-ஆம் ஆண்டில் சுவெட்டன்ஹாம் துறைமுகம் என்ற பெயரோடு திறக்கப்பட்டு 1972-இல் கிள்ளான் துறைமுகம் எனப் பெயர் மாற்றம் பெற்ற அந்தத் துறையில் கப்பலிறங்கித் தோட்டத்து லயங்களுக்குச் சென்றபோது, தங்களோடு கொண்டுவந்தவற்றுள் எல்லாம் விலையுயர்ந்தது எதுவென்று என்னைக் கேட்டால், புழுங்கல் அரிசிச் சோறு உண்ணும் பழக்கமே என்று தயங்காமல் சொல்வேன். அப்பழக்கம் அவர்களுடைய நரம்புகளைக் காத்தது; நரம்புகளைக் காத்ததனால் தசைகளைக் காத்தது. நரம்பு அழியும்போது தசை ஏன் கரைகிறது என்ற கேள்விக்கு விடை தேடி இந்த அத்தியாயத்தில் நாம் செல்லவிருக்கும் வழி, கோலாலம்பூரின் சோற்றுத் தட்டிலிருந்தே புறப்படுகிறது.

1900-ஐ ஒட்டிய வருஷங்களில், மலாய் நாட்டின் ஈயச் சுரங்கங்களிலும் சிறைச்சாலைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் பெரிபெரி என்னும் வியாதி மனிதர்களைச் சாரிசாரியாக வீழ்த்திக்கொண்டிருந்தது. அதில் ஒருவகை தேகமெங்கும் நீர் கோத்து இதயத்தை நிறுத்திவிடும். மற்றொரு வகையில் வீக்கம் இராது, கால்கள் மரத்துப்போகும், கெண்டைக்கால் தசையை அழுத்தினால் வலியெடுக்கும், பின்னர் அத்தசை நாளுக்கு நாள் சுருங்கிக் கால்கள் குச்சிகளாகிவிடும். சந்தேகம் கொண்ட வைத்தியர்கள் நோயாளியைக் குந்தவைத்து உட்காரச் சொல்லி, கையை எங்கும் ஊன்றாமல் எழுந்திருக்கச் சொல்வார்கள். முந்தின மாதம்வரை மண்வெட்டி பிடித்து நாள் முழுதும் உழைத்தவன் எழுந்திருக்க மாட்டாமல் தன் தொடைகளையே கைகளால் பற்றிக்கொண்டு ஏற முயலும் அந்தக் காட்சியே பல வேளைகளில் வியாதியின் நிர்ணயமாக அமைந்தது.

1900-இல் கோலாலம்பூரில் நிறுவப்பட்ட மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் முதல் இயக்குநரான ஹாமில்டன் ரைட், இது ஒரு கிருமியின் வேலை என்றே நம்பினார். நெகிரி செம்பிலானில் வைத்திய அதிகாரியாக இருந்த பிராடன் என்பவரோ வேறொன்றைக் கவனித்தார்: தீட்டிய பச்சரிசியை உண்ட சீனத் தொழிலாளர்களிடையே பெரிபெரி மலிந்திருக்க, புழுங்கல் அரிசியை உண்ட தமிழர்களிடையே அது அரிதாகவே தோன்றியது. அரிசியில்தான் சூக்ஷ்மம் இருக்கிறது என்று அவர் எழுதியதைப் பலர் ஏற்கவில்லை. அவ்வாறு ஏற்காதவர்களில் ஒருவராய்த் தொடங்கியவர்தான் வில்லியம் பிளெட்சர். பிராடனின் கூற்றைச் சோதித்துவிடக் கருதிய பிளெட்சர், 1905-ஆம் ஆண்டின் இறுதியில் கோலாலம்பூர் மனநோய் விடுதியின் உணவுக் கொட்டகையில் நோயாளிகளை வரிசையாக உட்காரவைத்து, இடப்புறமிருந்து எண்ணி, ஒற்றைப்படை எண் பெற்றவர்களை ஒரு புறமும் இரட்டைப்படை எண் பெற்றவர்களை மறுபுறமுமாகப் பிரித்து, ஒரு சாராருக்குத் தீட்டிய சயாம் பச்சரிசியும் மறு சாராருக்கு இந்தியப் புழுங்கல் அரிசியும் கொடுத்தார். ஓராண்டு முடிவதற்குள் பச்சரிசிப் பிரிவின் ஏறத்தாழ 120 பேரில் நான்கில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் பெரிபெரிக்கு ஆளாயினர். 18 பேர் மாண்டனர். புழுங்கல் அரிசிப் பிரிவில் அவ்வியாதியால் ஒருவரும் சாகவில்லை. 1907-இல் ‘லான்செட்’ பத்திரிகையில் வெளியான அந்த அறிக்கையைச் சோதனை முறையின் நேர்த்திக்காக இன்றும் போற்றுகிறார்கள். நானும் போற்றுகிறேன், ஆயினும் சம்மதம் சொல்லும் நிலையில் இல்லாத, பெயரில்லாமல் எண்ணாக மட்டும் நின்ற அந்தப் பதினெண்மரை மறந்துவிட்டு அந்த நேர்த்தியை மட்டும் புகழ்வது நியாயம் ஆகாது.

பிறகு நடந்தவற்றை விரைந்து சொல்லிவிடலாம். அதே ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த பிரேசரும் ஸ்டாண்டனும் நெகிரி செம்பிலானில் துரியான் திப்புஸ் என்ற ஒதுக்குப்புறமான இடத்தில் சாலை போட வந்த ஜாவானியத் தொழிலாளர்களிடையே அதே பரிசோதனையைச் செய்து, அரிசி மாறினால் வியாதியும் மாறுவதை நிரூபித்தனர். நெல்லை ஊறவைத்து வேகவைக்கும்போது தவிட்டில் இருக்கும் சத்து நீரோடு சேர்ந்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுவதால், பின்னர் எவ்வளவு தீட்டினாலும் அது முழுதும் போய்விடுவதில்லை. 1926-இல் ஜாவாத் தீவின் பத்தாவியாவில் யான்சென், டோனாத் இருவரும் அந்தச் சத்தைத் தூய படிகமாகப் பிரித்தெடுத்தனர். நம்முடைய நெல்லூரில் பாதிரியார் குடும்பம் ஒன்றில் பிறந்த ராபர்ட் வில்லியம்ஸ் 1936-இல் அதைச் செயற்கையாக ஆக்கிக் காட்டினார். தயமின் என்றும் வைட்டமின் பி-1 என்றும் அதற்குப் பெயர்.

தயமின் இல்லாவிடில் உயிரணு சர்க்கரையை முழுமையாக எரித்துச் சக்தியாக்க முடியாது. முதுகுத்தண்டிலிருந்து பாதம்வரை நீளும் நரம்பிழைகள் தம் கடைக்கோடியையும் பேணுவதற்குச் சக்தி மிகுதியும் வேண்டுபவை. ஆகையால் நீளமான இழைகளே முதலில் நுனியிலிருந்து பட்டுப்போகின்றன. இதுவரை வழி தெளிவு. ஆனால், தயமின் குறைவு நரம்பைத் தாக்கியது சரி, நரம்பு போன பிறகு தசை ஏன் அழியவேண்டும்? அதற்கு இரத்தம் வருகிறது, உணவு வருகிறது, பிராணவாயு வருகிறது. வேலை இல்லாததால் இளைத்துவிட்டது என்று நெடுங்காலம் சொல்லிவந்தார்கள். அது பாதி விடை. வேலையில்லாத தசை செயலற்றுக் கிடக்கிறது என்று எண்ணுவதுதான் அதிலுள்ள பிழை. நரம்பை இழந்த தசை ஒருகணமும் சும்மா இருப்பதில்லை.

இதை விளங்கிக்கொள்ளத் தசை இழையின் மேலுறையாகிய சவ்வை நாம் அறியவேண்டும். கிள்ளான் கடற்கரையோரத் தோட்டங்களைக் கண்டவர்களுக்கு ஒரு உவமை போதும்: வெளியே உவர்க்கடல் உயர்ந்து நிற்க, உள்ளே தாழ்ந்த நிலம் வரப்பணையால் காக்கப்பட்டிருக்கும், அணையின் இடையிடையே மதகுகள் இருக்கும், எந்த மதகு எப்போது எவ்வளவு நேரம் திறக்கிறது என்பதைப் பொறுத்தே உள்ளே பயிர் வாழ்வதும் வாடுவதும் அமையும். தசை இழைக்கு வெளியே சோடியமும் கால்சியமும் மிகுதி. உள்ளே பொட்டாசியம் மிகுதி. மின்னூட்டம் பெற்ற இவ்வணுக்களையே அயனிகள் என்கிறோம்; சவ்வில் பதிந்து, உரிய வேளையில் திறந்து அவற்றுக்கு வழிவிடும் புரதங்களே அயனி வாய்க்கால்கள். ஓய்ந்திருக்கும் இழையின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறக்குறைய 90 மில்லிவோல்ட் தாழ்ந்த மின்னழுத்தத்தில் நிற்கிறது. நரம்பின் நுனியிலிருந்து அசெட்டில்கொலின் என்னும் ரசாயனம் பொழிந்ததும், அதனை ஏற்கும் வாய்க்கால்கள் ஆயிரத்தில் ஒரு பங்கு விநாடி அளவுக்குத் திறக்கின்றன; சோடியம் உள்ளே பாய்கிறது; அந்தப் பாய்ச்சல் இழை முழுதும் மின் அலையாக ஓடி உள்ளிருக்கும் கால்சியக் களஞ்சியத்தைத் திறக்க, தசை சுருங்குகிறது.

ஆரோக்கியமான தசையில் அசெட்டில்கொலின் வாய்க்கால்கள் இழை முழுதும் பரவியிருப்பதில்லை. நரம்பு வந்து தொடும் சிறு வட்டத்தில் மட்டும், ஒரு சதுர மைக்ரானுக்கு ஏறத்தாழ 10,000 என்ற நெருக்கத்தில் அவை செறிந்திருக்கின்றன. அவ்வட்டத்தைத் தாண்டினால் அநேகமாக இல்லை. நரம்பு இறந்ததும் இந்த ஒழுங்கு குலைகிறது. சில நாட்களுக்குள் இழையின் நீளம் முழுதும் புதிய வாய்க்கால்கள் முளைக்கின்றன. 1959-இல் சுவீடன் நாட்டில் அக்செல்சன், தெஸ்லெப் என்னும் இருவர், நரம்பறுந்த தசையின் எந்தப் புள்ளியில் அசெட்டில்கொலினைத் துளித்தாலும் அது கிளர்ச்சியடைவதை அளந்து காட்டினார்கள். அவ்வாறு முளைப்பவை வளர்ந்த தசைக்குரிய வாய்க்கால்கள் அல்ல. தாயின் கருவில் தசை உருவாகும் காலத்தில், நரம்பு இன்னும் வந்து சேராத நிலையில், அது தரித்திருந்த சிசுப்பருவத்து வாய்க்கால்கள். ஐந்து துண்டுகளால் ஆன அந்தப் புரதத்தில் ஒரு துண்டு மட்டும் வேறுபடுகிறது. அந்த ஒரு வேறுபாட்டால் ஒவ்வொரு முறையும் அவை நெடுநேரம் திறந்திருக்கின்றன. சோடியத்துக்கென உள்ள வாய்க்கால்களிலும் இதே பின்னோட்டம் நிகழ்கிறது. பேத்தை மீனின் நஞ்சு வளர்ந்த தசையின் சோடிய வாய்க்காலை எளிதில் அடைத்துவிடும். நரம்பறுந்த தசையிலோ அந்நஞ்சுக்கு அவ்வளவாக இணங்காத, கருப்பருவத்து வகை மீண்டும் தலைகாட்டுகிறது. சவ்வை அமைதிப்படுத்தி வைத்திருந்த குளோரைடு வாய்க்கால்கள் குறைகின்றன. உள்ளிருக்கும் மின்னழுத்தம் 10 முதல் 20 மில்லிவோல்ட் வரை தளர்கிறது. யாரும் ஏவாமலே இழைகள் தனித்தனியாகத் துடிக்கத் தொடங்குகின்றன. தோலின்மேல் கண்ணுக்குத் தெரியாத அந்தத் துடிப்பை, தசைக்குள் மெல்லிய ஊசியைச் செலுத்தி மின்னொலியாகக் கேட்டே நரம்பியல் வைத்தியர் நோயை அறிகிறார்.

இவ்விடத்தில் விஞ்ஞான சரித்திரத்தின் ஒரு நிகழ்ச்சியைச் சற்று நின்று பார்க்கவேண்டும். அயனி வாய்க்கால் என்ற ஒன்று உண்டென்பது 1970-கள்வரை திடமான அநுமானமாகவே இருந்தது; உயிரணுவின் சவ்வில் தனியொரு வாய்க்கால் திறப்பதையும் மூடுவதையும் எவரும் பதிவு செய்ததில்லை. ஜெர்மனியின் கெட்டிங்கன் நகரில் எர்வின் நேஹர், பெர்ட் சாக்மன் என்ற இரு இளைஞர்கள், மிக நுண்ணிய கண்ணாடிக் குழலின் வாயைச் சவ்வின்மேல் பொருத்தி, அதன் அடியில் அகப்படும் சின்னஞ்சிறு பரப்பின் மின்னோட்டத்தை மட்டும் அளக்க முயன்றார்கள். வாய்க்கால்கள் நெருங்கிக் கிடக்கும் இடத்தில் குழலை வைத்தால் நூற்றுக்கணக்கானவற்றின் கூச்சல் ஒன்றாகக் கலந்துவிடும். அவை இல்லாத இடத்தில் வைத்தால் ஒன்றும் கேளாது. அங்கொன்றும் இங்கொன்றுமாக வாய்க்கால் இருக்கும் சவ்வு அவர்களுக்கு வேண்டியிருந்தது. அத்தகைய சவ்வை நரம்பு துண்டிக்கப்பட்ட தவளையின் தசை தந்தது. 1976-இல் அவர்கள் வெளியிட்ட பதிவில், சில பிக்கோ ஆம்பியர் அளவான மின்னோட்டம் சட்டென எழுந்து, சற்றே நிலைத்து, சட்டென வீழ்கிறது. அதுவே உயிரணுவின் சவ்வில் மனிதன் முதன்முதலாகக் கண்ட தனி வாய்க்காலின் வடிவம். 1991-இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. தனி வாய்க்காலை அளக்கும் விஞ்ஞானம் நலிந்துகொண்டிருந்த ஒரு தசையில் ஜனித்தது என்பதை நான் வெறும் தற்செயலாகக் கருதவில்லை. நலிவு என்பதே சவ்வின் மறுநிர்மாணம் என்பதற்கு அதைவிடத் தெளிந்த சாட்சி வேறில்லை.

இந்த மறுநிர்மாணத்துக்கு ஆணையிடுவது எது? நரம்பு சுரக்கும் ஏதோ ஒரு போஷக வஸ்து நின்றுபோவதே காரணம் என்று பலர் கருதினர். 1972-இல் லோமோ, ரோசெந்தால் இருவரும் எலிகளில் செய்த சோதனை இக்கருத்தை வெகுவாக அசைத்தது. அவர்கள் நரம்பை வெட்டாமல், உணர்ச்சிநீக்கி மருந்தால் அதன் ஓட்டத்தை மட்டும் தடுத்தபோதும், நரம்பு முழுதாக இருந்தும் வாய்க்கால்கள் பரவின. நரம்பை வெட்டிவிட்டுத் தசைக்கு நேரே மின்சாரம் செலுத்தி இயக்கியபோது, பரவிய வாய்க்கால்கள் மறைந்தன. நரம்பின் இருப்பைக் காட்டிலும் தசையின் இயக்கமே முதன்மையானது என்பது அதனால் பெறப்பட்டது.

ஆணையின் உட்பொருள் அண்மைக் காலத்தில்தான் வெளிப்பட்டது. தசையை ஒரு கணக்குப்படி உடைத்து அழிக்கும் இரு புரதங்கள், மர்ப்-1, அட்ரோஜின்-1 என்னும் பெயர்களோடு, 2001-இல் கண்டறியப்பட்டன. தசையின் புரதங்களுக்கு அடையாளமிட்டு, புரதங்களைச் சிதைக்கும் இயந்திரத்திடம் ஒப்படைப்பது இவ்விரண்டின் தொழில். 2010-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி, நரம்பறுந்த தசையில் அவ்விரண்டையும் தூண்டிவிடுவது மயோஜெனின் என்ற கட்டுப்பாட்டுப் புரதம் எனக் காட்டியது. சிசுப்பருவத்து அசெட்டில்கொலின் வாய்க்கால்களின் மரபணுக்களை விழிக்கச் செய்வதும் அதே மயோஜெனின்தான். வரப்போகும் நரம்பை ஏற்கும் ஆயத்தமாகச் சவ்வு முழுதும் வாயில்களைத் திறந்துவைப்பதும், உள்ளிருக்கும் கட்டுமானத்தைக் கலைப்பதும் ஒரே ஆணையின் இரு கிளைகள். இவ்விஷயத்தில் எனக்கு மிகப் பெரிதாகத் தோன்றும் உண்மை இதுவே: தசை நலிவு கைவிடப்பட்ட பொருளின் தேய்வு அன்று, ஓர் உயிரணு தன் சூழ்நிலைக்கு விடையாக எடுத்த தீர்மானம். தீர்மானம் ஆதலால் அதில் தலையிட வழி உண்டு.

தலையிடும் வழிகளில் ஒன்றைச் சிலி நாட்டின் ஹுவான் சாயெஸ் குழுவினர் தேடினர். நரம்பறுந்த தசையில், கானெக்ஸின் என்ற புரதத்தால் ஆன அகன்ற வாயில்கள் புதிதாகத் தோன்றுகின்றன. சோடியத்தையோ கால்சியத்தையோ பிரித்துப் பாராமல், அயனிகளோடு சிறு மூலக்கூறுகளையும் இருபுறமும் கசியவிடுபவை அவை. அவற்றின் இரு வகைகளை உண்டாக்க முடியாதபடி மரபணு மாற்றப்பட்ட சுண்டெலிகளில் நரம்பை அறுத்தபோது, தசை நலிவு பெருமளவு குறைந்ததென 2013-இல் அவர்கள் எழுதினார்கள். உள்ளே மிகுதியாகப் புகும் கால்சியம், கால்பெயின் போன்ற நொதிகளைக் கிளப்பித் தசையின் நுண்ணிழைகளைக் கத்தரிக்கிறது என்பதும் பல சோதனைகளால் அறியப்பட்டதே. ஆனால் பழம்பருவத்து வாய்க்கால் உறுப்புகள் எல்லாம் நாசகாரிகள் என்று முடிவுகட்டிவிடலாகாது. கால்சிய வாய்க்காலோடு இணைந்து நிற்கும் ஒரு துணைப்புரதத்தின் கருப்பருவ வடிவம், நரம்பறுந்த தசையில் மீண்டும் தோன்றி, தசையைக் காக்கும் ஒரு வளர்ச்சிப் பொருளைச் சுரக்கச் செய்கிறதெனப் பாரிஸ் ஆராய்ச்சியாளர்கள் 2019-இல் தெரிவித்தனர். மூப்படைந்த எலிகளில் அத்துணைப்புரதம் குறைவாகவே தோன்றுகிறது. முதுமையில் தசை தேய்வதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். ஆகவே எல்லா வாயில்களையும் ஒருசேர அடைக்கும் மருந்தைத் தேடுவது பேதைமை. எதை அடைப்பது, எதைக் காப்பது என்ற விவேகமே சிகிச்சையாகும்.

இவையெல்லாம் எலிகளோடு நிற்கும் விஷயம் என்று கிள்ளான் பள்ளத்தாக்கில் வாழும் ஒருவர் ஒதுக்கிவிட முடியாது. பெரிபெரி இன்று இங்கே அரிது. ஆனால் சுங்கை பூலோவில் 1930-இல் திறக்கப்பட்ட தொழுநோய்க் குடியேற்றத்தில் வாழ்ந்தவர்களின் மடங்கிய விரல்களில் நாம் கண்டதும் நரம்பிழந்த தசையைத்தான். இன்று அதே காட்சியை வீடுதோறும் கொண்டுவருவது இனிப்பு நீர் எனப்படும் நீரிழிவு. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வுப்படி இந்நாட்டு வயது வந்தோரில் 18.3 விழுக்காட்டினருக்கு அது இருந்தது. இனங்களுள் இந்திய வம்சத்தவரிடையேதான் அது மிகுதி. புழுங்கல் அரிசியால் நரம்புகளைக் காத்துக்கொண்டவர்களின் பேரர்கள், சர்க்கரையால் அந்நரம்புகளை இழப்பதை நினைக்க மனம் வேதனைப்படுகிறது. இங்கும் நீளமான இழைகளே முதலில் போகின்றன. பாதத்தின் சிறுதசைகளே முதலில் கரைகின்றன. பாதத்தின் மேற்புறத்தில், வெளிக்கணுக்காலுக்குச் சற்று முன்னே, விரல்களை மேல்நோக்கித் தூக்கும்போது சிறு மேடாக எழும் தசை ஒன்று உண்டு. நரம்பு நலிந்தவர்களில் அந்த மேடு தட்டையாகிவிடும். பின்னர் விரல்கள் வளையும்; வளைந்த விரலின்கீழ் அழுத்தம் ஏறும்; உணர்ச்சியற்ற அந்த இடத்தில் புண் உண்டாகும். அரசாங்கக் கிளினிக்கில் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டுத் ‘தெரிகிறதா’ என்று கேட்கும் எளிய சோதனையை வருஷத்துக்கொருமுறை தவறாமல் செய்துகொள்வது இந்த வரிசையை ஆரம்பத்திலேயே கண்டுகொள்ளும் வழி.

காலத்தின் கணக்கையும் சொல்லவேண்டும். அறுந்த நரம்பு மீண்டும் வளரும் வேகம் நாளொன்றுக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர். முழங்காலருகே அறுந்த இழை பாதத்தை எட்ட நாற்பது சென்டிமீட்டர், அதாவது நானூறு நாள். எலியின் கால் தசையோ நரம்பை இழந்த இரண்டே வாரத்தில் தன் எடையில் பாதி அளவை இழந்துவிடுகிறது. மனிதரில் அது மெதுவாக நடந்தாலும், ஒன்றிரண்டு வருஷங்களுக்குப் பின் வந்து சேரும் நரம்புக்கு அங்கே ஏற்றுக்கொள்ளத் தசை எஞ்சியிருப்பது அரிது. முதுகுத்தண்டின் அடிப்பகுதி நசுங்கி நரம்பை முற்றிலும் இழந்த கால்களுக்கு, நீண்ட துடிப்புள்ள மின்சாரத்தை நாள்தோறும் வீட்டிலேயே செலுத்தி, கரைந்த தசையை ஓரளவு மீட்க முடியுமென வியன்னாவில் ஹெல்முட் கெர்ன் குழுவினர் காட்டியிருக்கிறார்கள். லோமோவும் ரோசெந்தாலும் எலியில் கண்டது மனிதனுக்கு இவ்வாறு பயன்படத் தொடங்கியிருக்கிறது.

இறுதியாக, வாய்க்கால்களைப் பற்றிய இந்த ஞானம் இன்றே உயிர்காக்கும் ஓரிடத்தைக் குறிப்பிடுகிறேன். அவசர சத்திரசிகிச்சையில் தொண்டைக்குள் சுவாசக் குழாயைச் செலுத்துவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் சக்ஸமெத்தோனியம் என்ற மருந்து, இரண்டு அசெட்டில்கொலின் மூலக்கூறுகளை ஒன்றாகப் பிணைத்தது போன்ற அமைப்புடையது. ஆரோக்கியமானவரில் அது நரம்பு தொடும் சிறு வட்டத்தின் வாய்க்கால்களை மட்டும் திறக்க, இரத்தத்தில் பொட்டாசியம் லிட்டருக்கு அரை மில்லிமோல் அளவே ஏறுகிறது. பக்கவாதத்தாலோ தண்டுவடக் காயத்தாலோ கால் செயலிழந்தவரிலும், கடும் தீக்காயம் பட்டவரிலும், பல நாள் அசைவின்றித் தீவிர சிகிச்சையில் கிடந்தவரிலும், இழை முழுதும் பரவிவிட்ட சிசுப்பருவத்து வாய்க்கால்கள் அனைத்தும் ஒரே கணத்தில் திறந்து நெடுநேரம் திறந்தே நிற்க, தசைக்குள்ளிருந்த பொட்டாசியம் இரத்தத்தில் கொட்டி இதயத்தையே நிறுத்திவிடக்கூடும். மயக்க மருந்து வைத்தியர்கள் இதை அறிவார்கள். அவர்களிடம் மாற்று மருந்தும் இருக்கிறது. ஆனால் நோயாளி எத்தனை நாள் எழாமல் கிடந்தார் என்பது வீட்டாருக்குத்தான் தெரியும். ஆகையால் வாசகர்களே, உங்கள் வீட்டுப் பெரியவர் எவரையேனும் சத்திரசிகிச்சைக்குக் கொண்டுசெல்ல நேர்ந்தால், அவர் எப்போதிருந்து படுக்கையில் இருக்கிறார், எந்தக் கை எந்தக் கால் செயலிழந்தது, தீக்காயம் ஏதும் பட்டதா என்பதை, கேட்கும்வரை காத்திராமல், மயக்க மருந்து கொடுக்கும் வைத்தியரிடம் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.